மீண்டும் போட்டியிடுவதா? தோற்ற செனற்றரும் விதைக்கின்ற கமக்காரனும்



காலபோகம் அழிந்துபோன ஒரு கமக்காரன் அடுத்த போகத்துக்கு முன் வரம்பில் நின்று யோசிப்பான். திரும்பவும் விதைப்பதா, விடுவதா? விதைநெல்லுக்குக் கடன், உழவு இயந்திரத்துக்குக் கடன், பசளைக்குக் கடன். இந்த முறை மழை ஒழுங்காகப் பெய்யுமென்று எவரும் அவனுக்குக் கைச்சாத்திட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் அநேகமாக அவன் விதைக்கவே செய்கின்றான். புத்தியுள்ள கமக்காரனாயின் விதைக்குமுன் ஒரு காரியம் செய்வான். போன போகம் ஏன் அழிந்தது என்று பார்ப்பான். விதை பழுதா, வரம்பு உடைந்ததா, வாய்க்கால் தூர்ந்ததா, நோய் விழுந்ததா என்று ஆராய்ந்த பின்னரே கடகத்தைக் கையில் எடுப்பான்.

தேர்தலிலே தோற்ற, அல்லது தவணை முடிந்து வீடு சென்ற அரசியல்வாதியும் இதே வரம்பிலேதான் நிற்கின்றான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கமக்காரன் விதைப்பது தன் சொந்த விதையை. அரசியல்வாதி விதைக்கக் கேட்பது எங்கள் விதையை, அதாவது எங்கள் வாக்கை. போகம் பிழைத்தால் அவருக்கு நட்டம் கொஞ்சம். எங்களுக்கு நட்டம் ஆறு வருடம்.

அண்மையில் கமக்காரர் கூட்டம் ஒன்றிலே வயது முதிர்ந்த ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமி, முந்தி இருந்தவர் திரும்பவும் கேக்கப்போறாராம் எண்டு சொல்லினம். அவர் வந்தால் எங்கட காணி வருமோ?" கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவரின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே, எம்மைப் போலத் தென்னையும் நெல்லும் நம்பி வாழும் மக்களைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த ஒரு விடயத்தைப் பற்றி இங்கு எழுத விரும்புகின்றேன்.

செனற் என்பது என்ன?

எமது நாட்டிலும் முன்பு செனற் சபை, அதாவது மூதவை, இருந்தது. 1947 முதல் 1971 வரை இருந்த அந்தச் சபையின் உறுப்பினர்கள் 30 பேர். பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மறுபாதியை மகாதேசாதிபதி நியமித்தார். சாதாரண வாக்காளன் அவர்களுக்கு வாக்களித்ததில்லை. ஆகவே எங்கள் வயதானவர்களுக்கு 'செனற்றர்' என்றால் கொழும்பில் கோட்டுப் போட்ட பெரியவர் என்ற நினைவே வரும்.

பிலிப்பைன்சில் அப்படியல்ல. அங்கு செனற்றர்கள் 24 பேர். நாடு முழுவதும் ஒரே தொகுதி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 12 பேரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஆறு வருடத் தவணை. தொடர்ந்து இரு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்பது 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விதித்த கட்டுப்பாடு. ஒரு தவணை விலகியிருந்து மீண்டும் வரத் தடையில்லை. இதனாலேயே அந்த நாட்டில் எப்பொழுதும் ஒரு 'முன்னாள் செனற்றர்' வரம்பில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்.

நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதில் கமக்காரருக்கு ஒரு பாதகம் உண்டு. "இவர் எங்கள் செனற்றர்" என்று எந்தக் கிராமமும் சொல்ல முடியாது. தீவுக்குத் தீவு பெயர் தெரிந்தவரே வெல்ல முடியும். பெயர் தெரிவதற்குப் பணம் வேண்டும், அல்லது சினிமா வேண்டும், அல்லது குடும்பம் வேண்டும்.

தோட்டத்துக்குத் திரும்பியவர்

பிரான்சிஸ் பங்கிலினன் என்பவரை அந்நாட்டு மக்கள் 'கிக்கோ' என்றழைப்பர். சட்டத்தரணி. 1963இல் பிறந்தவர். மனைவி சாரோன் குனேட்டா பெயர் பெற்ற நடிகையும் பாடகியும். 2001இல் முதன்முதல் செனற்றரானார். 2013வரை இரு தவணை இருந்தார். கட்டாய ஓய்வு வந்தது. 2016இல் மீண்டும் வென்று 2022வரை இருந்தார். மணிலாவுக்குத் தெற்கேயுள்ள கவிட்டே மாகாணத்தில் அல்பொன்சோ என்னுமிடத்தில் அவருக்கு இயற்கை முறையில் பயிர் செய்யும் தோட்டம் ஒன்று உண்டு.

2022இல் அவர் உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். பசியும் உணவும் என்பதே அவருடைய பிரசாரத்தின் முக்கிய பொருள். தோல்வி பெருந்தோல்வி. எதிர்த்து நின்ற சாரா டுட்டேர்ட்டேக்கு 3 கோடி 20 இலட்சத்துக்கு மேல். இவருக்கு ஏறக்குறைய 93 இலட்சம். இவருடன் ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற லெனி ரொப்ரேடோவும் மார்க்கோஸின் மகனிடம் தோற்றார். சர்வாதிகாரி மார்க்கோஸை 1986இல் வீதியில் இறங்கி விரட்டிய மக்களே, 36 வருடங்களின் பின் அதே பெயருள்ள மகனைத் தெரிவு செய்தனர்.

இப்படித் தோற்றபின் ஒரு மனிதன் என்ன செய்யவேண்டும்? வீட்டிலிருப்பதா? திரும்பவும் செனற்றுக்குக் கேட்பதா? 2024 ஒக்ரோபர் முதலாம் திகதி தொடக்கம் எட்டாம் திகதி வரை நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாட்கள். அந்த எட்டு நாட்களுக்குள் அந்த நாட்டில் பலர் பலவிதமாகத் தீர்மானித்தனர்.

நான்கு பேர், நான்கு தீர்மானங்கள்

முதலாவது, பங்கிலினன். அவர் மீண்டும் செனற்றுக்கே போட்டியிட்டார். 2025 மே 12இல் நடந்த தேர்தலில் ஏறக்குறைய 1 கோடி 53 இலட்சம் வாக்குகள் பெற்று ஐந்தாம் இடத்தில் வென்றார். பலரும் எதிர்பாராத வெற்றி அது.

இரண்டாவது, லெனி ரொப்ரேடோ. இவர் செனற்றராக இருந்தவரல்லர். உப ஜனாதிபதியாக இருந்தவர். செனற்றுக்குக் கேட்கும்படி பலர் வற்புறுத்தினர். அவரோ தம் சொந்த ஊரான நாகா நகரத்தின் மேயர் பதவிக்கு நின்றார், வென்றார். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஜெசி ரொப்ரேடோ பல வருடங்கள் மேயராக இருந்து பெயர் பெற்ற நகரம் அது. நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தவர் குப்பை, வெள்ளம், சந்தைக் கட்டடம் ஆகியவற்றைப் பார்க்கும் வேலைக்குத் தாமாக இறங்கி வந்தார்.

மூன்றாவது, லைலா டி லிமா. 2016இல் செனற்றராகத் தெரிவானவர். ஜனாதிபதி டுட்டேர்ட்டேயின் போதைப்பொருள் ஒழிப்புக் கொலைகளை விசாரித்தவர். 2017 பெப்ரவரியில் போதைப்பொருள் வழக்குகளிலே மறியலில் போடப்பட்டார். மறியலிலிருந்தபடியே 2022இல் செனற்றுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 2023 நவம்பரிலேயே பிணையில் வெளியே வந்தார். கடைசி வழக்கு 2024 யூனில் தள்ளுபடியாயிற்று. 2025இல் அவர் செனற்றுக்குக் கேட்கவில்லை. சிறு கட்சிப் பட்டியல் ஒன்றின் மூலம் கீழ்ச்சபையில் ஓர் ஆசனம் பெற்றார்.

நான்காவது, சிந்தியா வில்லார். செனற்றின் விவசாயக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இரு தவணை முடியும் நிலையில், தம் குடும்பம் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய லாஸ் பினாஸ் நகரத்தில் கீழ்ச்சபை ஆசனத்துக்கு நின்றார். வீடமைப்பு, காணி வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் அது. ஆனால் சொந்த நகரத்து மக்களே அவரைத் தோற்கடித்தனர். அதே தேர்தலில் அவருடைய மகள் செனற்றரானார். மகன் ஏற்கெனவே செனற்றர். இப்பொழுது அந்த 24 பேர் கொண்ட சபையில் நான்கு சோடி உடன்பிறப்புக்கள் அமர்ந்திருக்கின்றனர். இரு தவணைக் கட்டுப்பாடு போட்டால் புதியவருக்குக் கதவு திறக்கும் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கதவு திறந்தது உண்மை. உள்ளே போனவர்களோ அதே வீட்டார்.

இந்த நான்கு பேரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகின்றது. "மீண்டும் போட்டியிடுவதா?" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. எதற்காகப் போட்டி, எந்தப் பதவிக்கு, யாருடைய வேலைக்கு என்ற கேள்விகளுக்கு விடை சொன்ன பின்பே முதற் கேள்விக்கு விடை வரும்.

சட்டம் வந்தது, தண்ணீர் வந்ததா?

பங்கிலினன் மீண்டும் கேட்டதற்கு நியாயம் இருந்ததா? என் கருத்தில் இருந்தது. அதற்குக் காரணம் அவருடைய புகழுமல்ல, நல்ல மனமுமல்ல. அரைகுறையாக நின்ற வேலை ஒன்று இருந்தது.

2019இல் நிறைவேறிய 11321ஆம் இலக்கச் சட்டத்தை எழுதிக் கொண்டுவந்தவர் அவர். 'சகிப் சாக்கா' என்பது அதன் பெயர். பண்ணையை மீட்டல் என்று பொருள் கொள்ளலாம். அரசாங்கத் திணைக்களங்களும் உள்ளூராட்சி சபைகளும் தமக்குத் தேவையான அரிசி, மரக்கறி, மீன் முதலியவற்றைக் கேள்விப்பத்திரம் கோராமலே, பதிவுபெற்ற கமக்காரர், மீனவர் சங்கங்களிடமிருந்து நேரடியாக வாங்க அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆசுபத்திரிச் சமையலுக்கும், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கும், வெள்ள நிவாரணப் பொதிக்கும் வேண்டிய பொருள் இடைத்தரகரின் களஞ்சியத்திலிருந்து வராமல், பக்கத்து வயலிலிருந்து வரவேண்டும் என்பதே நோக்கம். நிவாரண அரிசி வாங்கிப் பழகிய எங்களுக்கு இதன் அருமை விளங்கும். நாங்கள் விளைவித்த நெல் பக்கத்து ஊரில் விலைப்படாமல் கிடக்க, எங்கோ இருந்து வந்த புழுத்த அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் எம்மில் உண்டல்லவா?

சட்டம் நல்லது. ஆனால் சட்டம் என்பது குளத்துத் துருசு மாதிரி. துருசைத் திறந்துவிட்டாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்குத் தண்ணீர் வராது. சங்கமாகப் பதியாத கமக்காரன் இச்சட்டத்தால் ஒரு மூடை நெல்லும் விற்க முடியாது. பெரிய வியாபாரியிடம் வாங்கிப் பழகிய உத்தியோகத்தர் தம் பழக்கத்தை இலகுவில் மாற்றுவதுமில்லை. சட்டம் வந்து பல வருடமாகியும் அதைச் சரியாக நடைமுறைப்படுத்தச் செய்வதே தேர்தல் வாக்குறுதியாக இருக்கவேண்டிய நிலை. அதை எழுதியவரே திரும்பி வந்து, அது ஏன் வயலுக்கு வரவில்லை என்று அமைச்சுக்களைக் கேட்பது நியாயமான காரணம்.

தென்னைக் கதை இன்னும் நீண்டது. 1971 முதல் பிலிப்பைன்ஸ் தென்னைக் கமக்காரர் கொப்பரை விற்கும்போதெல்லாம் ஒரு வரி அறவிடப்பட்டது. மார்க்கோஸ் ஆட்சியிலே அது பெருகி 1982வரை நீடித்தது. தென்னைத் தொழிலை வளர்க்கவென்று எடுத்த பணம் வங்கியாகவும் பெரிய கம்பனிப் பங்குகளாகவும் மாறி ஆட்சிக்கு வேண்டியவர்கள் கைக்குப் போயிற்று. 1986இல் ஆட்சி மாறியபின் வழக்குகள் தொடங்கின. 2012இலேயே உயர்நீதிமன்றம் ஒரு பெரிய பங்குத் தொகுதி தென்னைக் கமக்காரரின் நன்மைக்கு உரியது என்று தீர்த்தது. அந்தப் பணத்தைக் கமக்காரருக்குப் பயன்படுத்த நம்பிக்கை நிதி அமைக்கும் சட்டம் 2021இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பங்கிலினனும் ஒருவர். தகப்பன் கட்டிய வரியின் பயனுக்குப் பேரன் காத்திருக்கவேண்டியதாயிற்று. அதிலும், தென்னைக் கமக்காரர் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே பயன் கிடைக்கும். பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

பதவி இல்லாத காலத்தில் என்ன செய்தார்?

முன்னாள் செனற்றர் ஒருவரை அளக்கச் சிறந்த அளவுகோல் அவர் பதவியில் இருந்த காலமல்ல. பதவி இல்லாதிருந்த காலம். பதவியிலே எவரும் கமக்காரரோடு படம் எடுத்துக்கொள்ளலாம்.

பங்கிலினன் 2013இல் தவணை முடிந்து வெளியேறினார். 2014இல் அன்றைய ஜனாதிபதி அவரை உணவுப் பாதுகாப்புக்கும் விவசாய நவீனமயமாக்கலுக்கும் பொறுப்பான உதவியாளராக நியமித்தார். அப்பொழுது மணிலாவுக்குத் தெற்கேயுள்ள மாகாணங்களில் தென்னையைச் செதிற்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஓலைகள் மஞ்சளாகிக் காய்ந்தன. நோயுற்ற ஓலைகளை வெட்டியெரித்தல், மரத்தண்டில் மருந்தேற்றல், பூச்சியைத் தின்னும் பூச்சிகளை விடுதல் ஆகிய வேலைகள் அவர் பொறுப்பில் ஒருங்கிணைக்கப்பட்டன. நோய் பெருமளவு கட்டுப்பட்டது. இது பேச்சல்ல, வேலை.

ஆயினும் ஒருவரைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது எமது பக்கத்துக்கு அழகல்ல. 2004இல் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளைப் பாராளுமன்றம் எண்ணிச் சரிபார்த்தபோது, தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் இவர். எதிர்க்கட்சியினர் ஆட்சேபம் எழுப்பிய ஒவ்வொரு முறையும் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று சொல்லிவிட்டு அப்பால் சென்றார் என்பது அன்றைய குற்றச்சாட்டு. அந்தச் சொல்லே அவருக்குப் பட்டப்பெயராயிற்று. மக்களின் ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு அப்பால் செல்வது அரசியல்வாதிகளின் பொது நோய். மீண்டும் கேட்க வருபவர் இப்படியான பழைய கணக்கையும் சேர்த்தே கொண்டுவரவேண்டும். நல்ல சட்டத்தைக் காட்டிப் பழைய பிழையை மறைக்கவும் கூடாது. பழைய பிழையைக் காட்டி நல்ல வேலையை நாம் மறுக்கவும் கூடாது.

வென்றபின் வந்த சோதனை

2025 யூலையில் புதிய செனற் கூடியது. எதிர்க்கட்சிக்காரர் என்று நம்பி வாக்களித்த பலர் திகைத்தனர். பங்கிலினனும், அவருடன் வென்ற பாம் அக்கினோவும் பெரும்பான்மை அணியில் சேர்ந்தனர். பங்கிலினனுக்கு விவசாயக் குழுவின் தலைமை கிடைத்தது. குழுத் தலைமை இல்லாமல் கமக்காரருக்காக எதையும் செய்ய முடியாது என்பது இத்தகைய முடிவுக்குச் சொல்லப்படும் நியாயம். விற்றுவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் பேச்சு. ஏறக்குறைய ஆறு வாரத்தில், செப்ரெம்பர் 8ஆம் திகதி, அந்தப் பெரும்பான்மை அணியே கவிழ்ந்து சபைத் தலைவரும் மாறினார்.

இதற்கிடையில் ஓகஸ்ட் 6ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. உப ஜனாதிபதி சாரா டுட்டேர்ட்டேக்கு எதிரான குற்றப்பிரேரணையைக் கிடப்பில் போடுவதா என்பது கேள்வி. கிடப்பில் போட 19 பேர் வாக்களித்தனர். எதிர்த்தவர் நான்கு பேர். பங்கிலினன் அந்த நால்வரில் ஒருவர். அணியில் சேர்ந்தவர் அணியோடு சேர்ந்து கை உயர்த்தவில்லை. இதை நேர்மையென்று கொள்வதா, இரண்டு தோணியில் கால் வைத்ததென்று கொள்வதா என்பதில் அந்நாட்டினரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறொன்று. பெரும்பான்மை அணியில் சேரும் தீர்மானம் தேர்தலுக்குப் பின் எடுக்கப்பட்டது. வாக்களித்தவர்களுக்கு அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. மீண்டும் கேட்க வருபவரிடம், "வென்றால் யாரோடு இருப்பீர்?" என்று கேட்காதவர்கள் பின்னர் திகைக்க வேண்டிவரும்.

பதவியின் எல்லையையும் நாம் அறியவேண்டும். 2019இல் வந்த சட்டம் அரிசி இறக்குமதியைத் தாராளமாகத் திறந்தது. அயல் நாட்டு அரிசிக்கு 35 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. 2024இல் ஜனாதிபதியின் ஒரு கட்டளையால் அது 15 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டு அரிசி வந்து குவிந்தது. நெல்லின் விலை விழுந்தது. 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி தொடக்கம் 60 நாட்களுக்கு இறக்குமதியை நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் அது நீடிக்கப்பட்டது. விவசாயத்தை அறிந்த ஒரு செனற்றர் சபையில் அமர்ந்திருப்பதால் மட்டும் நெல்லின் விலை ஏறிவிடுவதில்லை. தீர்வையைக் குறைத்த பேனை வேறொருவர் கையில் இருந்தது.

கிலோ 20 பெசோவுக்கு அரிசி என்பது 2022இல் ஜனாதிபதித் தேர்தலில் மார்க்கோஸ் கொடுத்த வாக்குறுதி. அது செபு நகரில் தொடங்கியது 2025 மே முதலாம் திகதி. செனற் தேர்தலுக்குப் பதினொரு நாட்களுக்கு முன். மூன்று வருடம் வராத அரிசி, தேர்தல் கிட்ட வந்தபோது வந்தது. இதற்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

நடந்தவர்கள்

மிண்டனாவோ தீவில் புக்கிட்னொன் மாகாணத்தில் சுமிலாவ் என்னும் ஊர். அங்குள்ள ஹிகாவுனொன் பழங்குடிக் கமக்காரர் 144 ஹெக்டயர் காணிக்காகப் பல வருடங்கள் போராடினர். 1988ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆயினும் காணியை வேறு தேவைக்கு மாற்ற அனுமதி கொடுக்கப்பட்டது. 1997இல் உண்ணாவிரதம் இருந்தனர். பின்னர் காணி ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பன்றிப் பண்ணை அமைக்கும் வேலை தொடங்கியது. 2007 ஒக்ரோபரில் 55 பேர் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினர். ஏறக்குறைய 1700 கிலோமீற்றர். டிசெம்பரில் மணிலாவை அடைந்தனர். 2008 மார்ச்சில், கர்தினால் ரொசாலெஸ் முன்னின்று உதவ, உடன்படிக்கை ஏற்பட்டது. கேட்ட காணி முழுவதும் கிடைக்கவில்லை. அந்த 144இல் 50 ஹெக்டயரும், மிகுதிக்கு வேறிடத்தில் காணியும் என்று முடிந்தது.

அவர்களில் எவரும் செனற்றரல்லர். செனற்றுக்குக் கேட்டவரும் அல்லர். ஆனால் அவர்களிடம் இரண்டு விடயம் இருந்தது. தம் காணி எது, எத்தனை ஹெக்டயர், எந்தச் சட்டத்தின் கீழ் உரியது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். அடுத்து, அவர்கள் ஒன்றாக இருந்தனர். இந்த இரண்டும் உள்ளவர்களிடம் அரசியல்வாதி வருவான். இரண்டும் இல்லாதவர்கள் அரசியல்வாதியைத் தேடிப் போவார்கள்.

நாம் கேட்கவேண்டியவை

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். முன்னாள் செனற்றராக இருந்தாலென்ன, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினராக, பிரதேச சபைத் தலைவராக இருந்தாலென்ன, மீண்டும் கேட்க வருபவரிடம் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது: பதவி இல்லாதிருந்த காலத்தில் நீர் எங்கே இருந்தீர், எங்களுக்காக என்ன செய்தீர்?

இரண்டாவது: முடியாமல் நிற்கின்ற வேலை எது? அதை முடிக்க இந்தப் பதவிதான் வேண்டுமா? இதைவிடச் சிறிய பதவியில், எங்கள் ஊருக்குக் கிட்ட இருந்து செய்ய முடியாதா? நாகா நகரத்து மேயரை இங்கு நினைவு கொள்ளலாம்.

மூன்றாவது: வென்றால் யாரோடு இருப்பீர்? மனம் மாறினால் எங்களிடம் வந்து சொல்லிவிட்டு மாறுவீரா?

நான்காவது: உமக்குப் பிறகு யார்? உம் மகனா, தம்பியா, அல்லது நீர் வளர்த்துவிட்ட ஒரு கமக்காரனா?

இந்த நான்குக்கும் நேராக விடை சொல்பவர் தோற்றவராயினும், வயதானவராயினும், மீண்டும் கேட்கட்டும். வாக்களிப்போம். "நான் வந்தால் காணி வரும்" என்று மட்டும் சொல்பவரை மரியாதையாக வழியனுப்புவோம். காணி கொண்டுவருவது ஒருவருடைய வருகை அல்ல.

இதைச் சொல்லும்போது, "அரசியல்வாதிகள் எல்லோரும் ஒன்றுதான், வாக்களித்து என்ன பயன்?" என்று சிலர் சொல்வது காதில் விழுகின்றது. இந்தப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். தென்னை நிதிச் சட்டத்தைச் சபையில் யாரோ ஒருவர் எழுதினார். எழுதாவிட்டால் அந்தப் பணம் இன்னும் அரசாங்கக் கணக்கில் தூங்கும். எல்லோரும் ஒன்றென்று சொன்னால், நல்ல வேலை செய்தவர் ஏன் இனிச் செய்யவேண்டும்? கெட்டவருக்கு அதைவிட இனிய செய்தி வேறில்லை.

ஆனால் அவர்கள் துருசைத் திறக்கும்போது எங்கள் வாய்க்கால் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஆகவே இந்தக் காலாண்டில் ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் மூன்று வேலை செய்யட்டும். ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு குடும்பமும் விட்டு வந்த காணியின் பெயர், பரப்பு, எல்லைகள், உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். உறுதி தொலைந்திருந்தால், எல்லைக் காணிக்காரர் யார் என்பதை வயதானவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அடுத்து, வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் இருக்கின்றதா என்று பாருங்கள். திருமணம் முடித்து வந்த பெண்களின் பெயரையும், பதினெட்டு வயதான பிள்ளைகளின் பெயரையும் குறிப்பாகப் பாருங்கள். மூன்றாவதாக, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பதில் எழுத இடம் விட்டு வையுங்கள். கேட்க வருபவர் சொல்வதைத் திகதியுடன் அதில் எழுதி அவரைக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

கையொப்பமிட மறுத்தால் அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.